வெட்டிவேர் எண்ணெய்: நாற்று முதல் குப்பி வரை

வெட்டிவேர் பயிரிட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை கிலோ எண்ணெய் வரும்?" என்பதுதான். விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மணற்பாங்கான நிலத்தில் பதினாறு, பதினேழு மாதம் காத்திருந்து தோண்டினால் ஏக்கருக்கு 1,200 முதல் 1,500 கிலோ வரை காய்ந்த வேர் கிடைக்கும். அந்த வேரில் எண்ணெய் நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து ஒரு பங்குக்குள். 0.6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏழு முதல் ஒன்பது கிலோ. ஒரு குடத்தில் அடங்கிவிடும். ஒரு குடம் எண்ணெய்க்கு ஒன்றரை வருடம். இந்தக் கணக்கைக் கேட்டபின்னும் ஆசை குறையாதவர்கள் மேலே படிக்கலாம்.

இந்தப் பயிரில் அவசரம் இரண்டு இடங்களில் காலை வாரிவிடும். ஒன்று மண்ணைத் தேர்வு செய்யும் நேரம். மற்றது வாலையின், அதாவது எண்ணெய் வடிக்கும் கலனின், அடியில் தீயை அணைக்கும் நேரம். நடுவில் வரும் வேலைகளில் சிறு தவறு செய்தால் வேர் நம்மை மன்னித்துவிடும். இந்த இரண்டில் மன்னிக்காது.

எந்தச் செடி என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

வெட்டிவேர் ஒரு புல். சோளம், கரும்பு, எலுமிச்சைப் புல் எல்லாம் அதற்கு உறவு. தாவரவியலார் கிரைசோபோகன் சிசானியாய்டெஸ் என்கிறார்கள். பழைய நூல்களில் வெட்டிவேரியா என்று இருக்கும். தமிழ்ப் பெயரே லத்தீனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. வெட்டி எடுக்கும் வேர் என்பதால் வெட்டிவேர். பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். பாரிஸின் கெர்லான் நிறுவனம் 1959-இல் வெளியிட்டு இன்றும் விற்றுக்கொண்டிருக்கும் ஆண்களுக்கான வாசனைத் திரவியத்தின் பெயர் ‘வெத்திவேர்’. நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையில் கிடந்த சொல் அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய குழப்பம் ஒன்று உண்டு. விலாமிச்சை வேர் என்று ஒன்று விற்கிறார்கள். அது துளசிக் குடும்பத்துச் செடியின் வேர். மணம் உண்டு, மருந்துக் குணமும் உண்டு, ஆனால் வெட்டிவேர் அல்ல. விலாமிச்சை மெல்லியதாக, கற்றையாகப் பின்னிக்கிடக்கும். வெட்டிவேர் வைக்கோல் நிறத்திலிருந்து இளம்பழுப்பு வரை இருக்கும். கம்பி போல நீளும். முறித்தால் நாராகப் பிரியும். இன்னொரு குழப்பம் வடநாட்டுப் பெயரால் வருவது. இந்தியில் வெட்டிவேர் ‘கஸ்’. அதைக் கசகசா என்று எண்ணிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கசகசா சமையலறை விதை. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

செடியிலும் இரண்டு வகை உண்டு. வட இந்தியாவில் ஆற்றோரங்களில் தானாக வளர்வது பூத்து விதை கட்டும். தென்னிந்திய வகை பூத்தாலும் முளைக்கும் விதை தருவது அரிது. தூரைப் பிரித்து நட்டால்தான் பெருகும். தெற்காசியாவுக்கு வெளியே உலகம் முழுவதும் பரவியிருப்பது பெரும்பாலும் இந்த விதையில்லாச் செடிதான் என்றும், அதிலும் பெரும்பகுதி ஒரே மரபின் நகல்கள் என்றும் 1990-களில் நடந்த டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. புதியவர்கள் தென்னிந்திய வகையையே எடுங்கள். விதை விழுந்து பக்கத்து வயலுக்குப் பரவும் கவலை இல்லை.

எண்ணெய்க்காகவே தேர்ந்தெடுத்த ரகங்களும் உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் (சீமாப் என்று சொன்னால்தான் விவசாயிகளுக்குத் தெரியும்) தாரிணி, குலாபி, கேசரி போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. மாலை, தட்டி, பானைக்கு வேராகவே விற்கப்போகிறீர்கள் என்றால் உள்ளூர் நாற்றே போதும். எண்ணெய்தான் நோக்கம் என்றால் ரகம் தெரிந்து வாங்குங்கள். நாற்று விற்பவர் ரகத்தின் பெயரைச் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

விலை பேசிவிட்டு நடுங்கள்

வேருக்கு வாங்குபவர் வேறு, எண்ணெய்க்கு வாங்குபவர் வேறு. வேரை மாலை கட்டுபவர்கள், தட்டி பின்னுபவர்கள், நாட்டு மருந்து வணிகர்கள் வாங்குவார்கள். எண்ணெயை ஊதுபத்தி, சோப்பு, அத்தர் செய்பவர்களும் ஏற்றுமதியாளர்களும் வாங்குவார்கள். நாற்று கொடுத்தவரே வேரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னதை நம்பி நான் ஒருமுறை நட்டேன். வேர் எடுக்கும் மாதம் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் வியாபாரம் மாறும், ஆள் மாறுவார். எழுத்தில் இல்லாத வாக்கை நம்பி ஓர் ஏக்கர் நடாதீர்கள். முதல் முறை பத்து சென்ட் போதும்.

மண்

கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் போனால் கடற்கரை மணலில் வெட்டிவேர் நிற்பதைப் பார்க்கலாம். மற்றப் பயிர் தயங்கும் மணலில் அது ஏன் செழிக்கிறது என்பதற்கு வேரே விடை சொல்லும். மணலில் வேர் தடையின்றி நேராக இறங்குகிறது, தடித்து நீள்கிறது. தோண்டும்போது உதறினால் மணல் உதிர்ந்துவிடுகிறது. களிமண்ணிலும் செடி நன்றாகவே வளரும். மேலே பார்த்தால் இன்னும் பசுமையாகக்கூட இருக்கும். தோண்டும்போதுதான் தெரியும். வேர் மெலிந்து கிளைத்து மண்ணோடு பின்னிக்கொண்டிருக்கும், பாதி வேர் மண்ணிலேயே அறுந்து நிற்கும். மீதியைக் கழுவுவதற்குள் கூலி இரட்டிப்பாகிவிடும். மேலே செழிப்பைப் பார்த்து மயங்காதீர்கள். நமக்கு வேண்டியது கீழே இருக்கிறது.

மணல் கலந்த செம்மண், வண்டல் மணல், கடற்கரை மணல் எல்லாம் ஏற்றவை. கார அமிலத் தன்மை (pH) 6-லிருந்து 8-க்குள் இருந்தால் போதும். கொஞ்சம் உப்பையும் தாங்கும். சில நாள் தண்ணீர் நின்றாலும் அழுகாது. வறட்சியையும் பொறுக்கும். இவ்வளவு பொறுமையான பயிர் என்பதால்தான் நாம் மண்ணில் அலட்சியம் காட்டிவிடுகிறோம்.

நிலமே இல்லாதவர்களுக்கு ஒரு வழி. இரண்டடிக்குக் குறையாத உயரமுள்ள வளர்ப்புப் பை அல்லது அடிப்பக்கம் துளையிட்ட டிரம். மூன்று பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம். பையைக் கிழித்தால் வேர் முழுதாக வரும், ஒரு இழைகூட அறாது. வீட்டுத் தேவைக்கு ஐந்து பை தாராளம்.

நடவு

வடகிழக்குப் பருவமழையை நம்பும் கரையோரத்தில் புரட்டாசி நடவு எனக்குப் பிடித்தது. மழை தொடங்குவதற்குள் நாற்று நிலைகொண்டுவிடும். பிறகு இரண்டு மாதம் வானம் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு மழையும் முடிந்து, தை கடைசியில் அல்லது மாசியில் தோண்டலாம். கணக்குப் பார்த்தால் பதினாறு, பதினேழு மாதம் சரியாக வந்துவிடுகிறது.

ஒரு வயதான தூரைக் கையால் பிரித்தால் முப்பது நாற்பது நாற்று கிடைக்கும். வெளிப்புறத்து இளந்தண்டுகள் நல்லவை. நடுவில் இருக்கும் முற்றிய தண்டை ஒதுக்குங்கள். தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரை இரண்டு விரல் அளவு வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட வேண்டும். பழைய வேரை நீளமாக விட்டு நட்டால் அது குழியில் மடங்கிக்கொள்ளும். புது வேர் இறங்குவது தாமதமாகும். பிரித்த நாற்றை ஈரச் சாக்கில் சுற்றி அன்றே, முடியாவிட்டால் மறுநாள் நட்டுவிடுங்கள்.

ஏக்கருக்கு நான்கு டன் மக்கிய தொழு உரம் போட்டு உழுது, பார் பிடித்து, பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். இந்த இடைவெளியில் ஏக்கருக்கு 22,000 குழி வரும். குழிக்கு இரண்டு நாற்று.

முதல் மூன்று மாதம் களை எடுத்தே ஆக வேண்டும். அதன்பிறகு தாள் படர்ந்து நிலத்தை மூடிவிடும், களைக்கு வெயில் கிடைக்காது. மழை இல்லாத மாதங்களில் மணலுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர். தாள் இடுப்புக்கு மேல் போனால் முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிடுங்கள். இளம் தாளை மாடு தின்னும், முற்றியது கூரைக்கும் மூடாக்குக்கும் ஆகும். காய்ந்த அடித்தாளில் கரையான் ஏறினால் அந்தத் தாளை அகற்றினாலே போதும். பெரிய நோய் எதுவும் எனக்கு வந்ததில்லை.

தோண்டும் நாள்

பன்னிரண்டாம் மாதமே வேர் கை நிறைய வரும். ஆசைப்பட்டுத் தோண்டாதீர்கள். இளவேரின் எண்ணெய் மெல்லியதாக, பச்சை வாடையோடு இருக்கும். இரண்டு வருடத்தைத் தாண்டவிட்டாலும் தவறுதான். வேர் மரக்கட்டையாகி எண்ணெய் குறைந்துவிடும். ஒரு தூரைச் சோதனைக்குத் தோண்டி, வேரை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். ஈர மண் வாசம் மட்டும் இருந்தால் காத்திருங்கள். மண்ணுக்குப் பின்னால் ஓர் இனிப்பும், பழைய மரப்பெட்டியைத் திறந்தது போன்ற கனமும் வந்தால் நாள் வந்துவிட்டது.

தாளை ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டு, தூரைச் சுற்றி மண்வெட்டியால் பறித்து, கடப்பாரையால் நெம்பி எடுக்க வேண்டும். பரப்பு அதிகம் என்றால் ஜே.சி.பி. வைப்பவர்களும் உண்டு. வேர் மூன்று மீட்டர்கூட இறங்கும் என்றாலும், எடுக்கத் தகுந்த வேர்க்கொத்து மேல் ஒன்றரை அடிக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்குக் கீழே போவதை மண்ணுக்கே விட்டுவிடுங்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மண்ணைக் காப்பதற்கு வெட்டிவேரைப் போல இன்னொரு புல் இல்லை. சரிவுகளில் வரிசையாக நட்டால் மழை நீரின் வேகத்தை உடைத்து மண்ணைப் பிடித்து வைக்கும். 1980-களில் உலக வங்கி இந்தியாவில் இதைத்தான் பரப்பத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் சாலைக் கரைகளிலும் அணைக் கரைகளிலும் நிற்கிறது. ஆனால் எண்ணெய்க்காகத் தோண்டும்போது நாம் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை. ஒரு நிலத்தையே ஒன்றரை அடி ஆழத்துக்குப் பொடியாக்கி விட்டுவிட்டு வருகிறோம். உலகிலேயே அதிகமாக வெட்டிவேர் எண்ணெய் தருவது ஹெய்ட்டி நாடு; தெற்கில் லே காய் நகரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் விளைகிறது. வறுமை விரட்ட, மழைக்கு முன்பே தோண்டிய சரிவுகளில் மண் கரைந்து போவது அங்கே பெரிய துயரம். நம் ஊரில் அப்படி ஆகக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அதனால் நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். மழை முடிந்த பிறகுதான் தோண்டுவது. ஒரே நாளில் முழு வயலையும் திறக்காமல், நாலு பார் தோண்டி நாலு பார் விடுவது. எடுத்த குழியை அன்று மாலைக்குள் மூடி, அதே தூரிலிருந்து பிரித்த நாற்றை அங்கேயே ஊன்றித் தண்ணீர் விடுவது. நிலத்தின் தாழ்ந்த ஓரத்தில் இரண்டு வரிசையை எப்போதுமே தோண்டாமல் விடுவது. அந்த இரண்டு வரிசை எனக்குத் தந்திருக்க வேண்டிய வேரை நான் கணக்குப் பார்ப்பதில்லை. பெருமழை நாளில் கலங்கிய தண்ணீர் அந்த வரிசையில் முட்டித் தெளிந்து வெளியேறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கழுவுதல், உலர்த்துதல்

தூரிலிருந்து வேரை அறுத்து, ஓடும் தண்ணீரில் மணல் போகக் கழுவுங்கள். மணல் வாலைக்குள் போனால் எண்ணெயில் கருகல் வாடை ஏறும். நிழலில் பரப்பி இரண்டு மூன்று நாள் காற்றாட விட வேண்டும். வெயில் கூடாது, எண்ணெயின் மெல்லிய பகுதி பறந்துவிடும். வேராக விற்பவர்கள் இங்கேயே கட்டுக்கட்டி நிறுத்திக்கொள்ளலாம்.

வாலை

வடிகலனுக்கு நம் சித்த மருத்துவர்கள் வைத்த பெயர் வாலை. வடித்து இறக்கும் நீர் தீநீர். இவ்வளவு பொருத்தமான சொற்கள் இருக்கும்போது வேறு சொல் தேடுவானேன்?

புதியவர்கள் முதல் ஆண்டிலேயே வாலை வாங்க வேண்டாம். எலுமிச்சைப் புல், யூகலிப்டஸ் வடிப்பவர்களிடம் கூலிக்கு வடித்துத் தரக் கேளுங்கள். வெட்டிவேருக்கு ஒரு நாள் முழுக்க அடுப்பெரிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றப் புற்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் அவர்கள் அந்தப் பழக்கத்தில் கூலி சொல்லிவிடுவார்கள். சொந்தமாக அமைப்பதானால் துருப்பிடிக்காத எஃகு நல்லது. தனிக் கொதிகலனில் அழுத்தத்தோடு நீராவி எடுப்பதாக இருந்தால் கொதிகலன் சட்டப்படி பதிவு வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பாதுகாப்பு வால்வு இல்லாத கலனுக்கு அருகில் நிற்கவே நிற்காதீர்கள்.

வேரை மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, முதல்நாள் மாலையே தண்ணீரில் ஊற வையுங்கள். எண்ணெய் வேர்ப்பட்டையின் உட்பக்கத்து அறைகளில் இருக்கிறது. ஊறாத வேருக்குள் நீராவி புகுவது கடினம். ஊறிய நீரைக் கொட்டாமல் வாலைக்கே விடலாம். நறுக்கிய வேரைத் துளைத்தட்டின் மேல் சமமாகப் பரப்புங்கள். ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இருந்தால் நீராவி தளர்ந்த பக்கமே வழி கண்டுபிடித்துக்கொண்டு மற்றப் பக்கத்தைத் தொடாமல் போய்விடும்.

தீ மூட்டி முதல் மூன்று மணி நேரம் எண்ணெய் உற்சாகமாக வரும். வெளிர் மஞ்சள் நிறம், கூர்மையான பச்சை மணம். பிறகு வேகம் குறையும். எட்டாம் மணி நேரத்தில் தீநீரின் மேல் ஒரு மெல்லிய படலம்தான் தெரியும். என் முதல் வடிப்பில் அந்த நேரத்தில் தீயை அணைத்தேன். விறகு வீணாகிறது என்று நினைத்தேன். கிடைத்த எண்ணெயை அனுபவமுள்ள அத்தர் வியாபாரி ஒருவரிடம் கொண்டுபோனபோது அவர் முகர்ந்துவிட்டு, "தம்பி, தலை இருக்கிறது, உடம்பைக் காணோமே" என்றார். பதினேழு மாத உழைப்பின் மேலான பகுதியை வேரிலேயே விட்டு எரித்துவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

காரணம் எளிது. வெட்டிவேர் எண்ணெயின் கனமான கூறுகளான குசிமோல், ஆல்பா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் ஆகியவை நீராவியோடு மிக மெதுவாகத்தான் கிளம்பும். நாள் கணக்கில் துணியில் நிற்கும் மணத்துக்கு இவற்றின் கனம் வேண்டும். இவை பெரும்பாலும் பிந்திய மணி நேரங்களில் வருகின்றன. குறைந்தது பதினெட்டு மணி நேரம், முடிந்தால் இருபத்துநான்கு மணி நேரம் வடிக்க வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்க அழுத்தத்தைக் கூட்டுவது இன்னொரு தவறு. மணத்தில் புகையும் கருகலும் ஏறும். ஜாவா எண்ணெயின் புகை வாடைக்கு இப்படி உயர் அழுத்தத்தில் வடிப்பதே காரணம் என்பார்கள். அதை விரும்பி வாங்குபவர்களும் உண்டு. அது வேறு சந்தை. மிதமான, ஒரே சீரான நீராவிதான் புதியவர்களுக்கு நல்லது. இரவில் மாற்றி மாற்றிக் காவலிருக்க இன்னொருவர் வேண்டும். தனியாக இறங்காதீர்கள்.

குளிர்விக்கும் தண்ணீரையும் கவனியுங்கள். மற்ற எண்ணெய்களுக்குத் தீநீர் எவ்வளவு குளிர்ந்து வருகிறதோ அவ்வளவு நல்லது. வெட்டிவேருக்கு அது பொருந்தாது. எண்ணெய் தேனைப் போல் கெட்டியானது. குளிர் அதிகமானால் சுருள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்காது. வெளியே வரும் நீர் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும்.

அடுத்த சிக்கல் பிரிப்பதில். வெட்டிவேர் எண்ணெயின் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருக்கிறது, 0.98-லிருந்து 1.03 வரை மாறும். அதனால் ஒரு பகுதி மிதக்கும், ஒரு பகுதி அடியில் தங்கும், ஒரு பகுதி நடுவில் பால் போலக் கலங்கி நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் எண்ணெயே வரவில்லை என்று பயந்துவிடுவார்கள். பிரிகலனை வெதுவெதுப்பாக வைத்திருந்து, பொறுமையாகத் தெளியவிடுங்கள். கலங்கிய தீநீரை வாலைக்கே திருப்பிவிட்டால் அதில் சிக்கிய எண்ணெய் மறுபடி வரும். தெளிந்த தீநீரையும் வீணாக்காதீர்கள். குளியலுக்கும் அறையில் தெளிக்கவும் அருமையானது. சில நாளில் கெட்டுவிடும் என்பதால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ஆறவிட்டுச் சோதித்தல்

புதிதாக இறங்கிய எண்ணெயில் வாலை வாடை இருக்கும். அவித்த கிழங்கும் ஈயப் பாத்திரமும் கலந்தது போல. அதை வைத்து எண்ணெயை எடைபோடக் கூடாது. நீர் துளிகூட இல்லாமல் பிரித்து, கரும்பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, இருட்டில் மூன்று மாதமாவது வையுங்கள். ஆறு மாதம் இன்னும் நல்லது. வாடை அடங்கி, மண்ணும் மரமும் இனிப்பும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். வயதாக ஆக நன்றாக ஆகும் எண்ணெய் இது.

வாங்குபவராக இருந்தாலும் விற்பவராக இருந்தாலும் ஒரு சோதனை கைவசம் இருக்கட்டும். தடித்த ஓவியத் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, நுனியில் ஒரு துளி தொட்டு, தேதி எழுதிக் காற்றாடும் இடத்தில் செருகுங்கள். அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள் முகருங்கள். நல்ல வெட்டிவேர் ஏழாம் நாளும் தாளில் இருக்கும், இனிப்புகூடக் கூடியிருக்கும். மறுநாளே தாள் வெறுமையாகிவிட்டால் மலிவான கரைப்பான் கலந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். கோரைக்கிழங்கு எண்ணெயின் மண்வாசம் வெட்டிவேருக்கு நெருக்கமானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகினால் மூக்கு பிரித்துச் சொல்லும். பெரிய அளவில் விற்பதானால் மூக்கை மட்டும் நம்பாமல் எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராபி) அறிக்கை எடுங்கள். உத்தரப் பிரதேசத்தின் அத்தர் நகரமான கன்னோஜில் உள்ள நறுமண, சுவைப்பொருள் மேம்பாட்டு மையத்திலும் சீமாப் நிறுவனத்திலும் செய்து தருகிறார்கள்.

அந்தக் கன்னோஜைப் பற்றி ஒரு சொல். அங்கே செப்புக் கலனில் மரபு முறையில் வடித்துத் தூய எண்ணெயாக எடுப்பது ‘ரூ கஸ்’. செம்பு பட்டதால் பச்சை சாயல் கொண்டிருக்கும். அதே மணத்தைச் சந்தன எண்ணெய் போன்ற அடித்தளத்தில் ஏற்றினால் அத்தர். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதுண்டு. எது என்று கேட்டு வாங்குங்கள்.

வாசனைத் திரவியக்காரர்களுக்கு இது ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? இந்த எண்ணெயில் நூற்றுக்கும் மேற்பட்ட கூறுகள் இருக்கின்றன. அவற்றில் எது வெட்டிவேரின் அடையாள மணத்தைத் தருகிறது என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2021-இல் வேதியியலாளர்கள் பெஞ்சமின் லிஸ்ட், பிலிப் கிராஃப்ட் குழுவினர் அந்த மணத்தைத் தரும் சேர்மத்தை, கீட்டோன் வகையைச் சேர்ந்த ஒன்றை, ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். எண்ணெயில் அது மிகச் சிறிய அளவே இருக்கிறது. ஆனால் முழு எண்ணெயின் இடத்தைப் பிடிக்கும் மலிவான செயற்கைப் பொருள் இன்னும் இல்லை. அதற்கு இன்னும் வேரைத்தான் தோண்ட வேண்டியிருக்கிறது.

முதல் கலவை

கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு வாங்குங்கள். வெட்டிவேர் கெட்டி என்பதால் துளிக் கணக்கு பொய் சொல்லும். குப்பியை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் இளகிவிடும்.

தூய எத்தில் ஆல்கஹால் உரிமம் இல்லாமல் கிடைக்காது. அதனால் உருட்டிக் குப்பியில் (ரோல்-ஆன்) தொடங்குவோம். ஜோஜோபா எண்ணெய் 8.5 கிராம், வெட்டிவேர் 0.4, சந்தனம் 0.6, ஜெரேனியம் 0.3, நீராவியில் வடித்த எலுமிச்சை 0.2. மொத்தம் 10 கிராம். ஜெரேனியம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைவது. ரோஜாவின் சாயலை மலிவாகத் தரும். எலுமிச்சையில் பிழிந்தெடுத்த எண்ணெயைப் போடாதீர்கள். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கன்றிவிடும். வடித்தெடுத்ததில் அந்தக் குறை இல்லை. தேங்காய் எண்ணெயை அடித்தளமாக்க வேண்டாம், அதன் மணம் மேலே வந்துவிடும். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

கலந்த அன்று எலுமிச்சை மட்டும் பேசும், வெட்டிவேர் முரடாக ஒதுங்கி நிற்கும். ஏமாற்றமாக இருந்தாலும் எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். மூடி, தேதியும் அளவும் எழுதி ஒட்டி, மூன்று வாரம் அலமாரியில் வையுங்கள். பிறகு எடுத்து மணிக்கட்டில் ஒருமுறை உருட்டுங்கள். முதல் கால் மணி நேரம் எலுமிச்சை, அடுத்த ஒரு மணி நேரம் ஜெரேனியம். மாலையில் சட்டையைக் கழற்றும்போது கைப்பட்டியில் நிற்பது வெட்டிவேர்.

பைகளில் வளர்த்த ஐந்து தூருக்கு இதெல்லாம் பொருந்தாது. ஒரு கிலோ வேரில் ஆறேழு கிராம் எண்ணெய்தான் என்பதால் வீட்டுக் குக்கரில் வடித்துப் பார்ப்பவர்களுக்கு மணக்கும் தீநீர் கிடைக்கும், எண்ணெய் கிடைக்காது. அந்த வேரை நறுக்கி, நூறு கிராமுக்கு அரை லிட்டர் நல்லெண்ணெய் விட்டு, கண்ணாடிச் சாடியின் வாயை மெல்லிய துணியால் கட்டிப் பத்து நாள் வெயிலில் வையுங்கள். இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். பதினோராம் நாள் வடிகட்டினால் கோடை முழுவதும் தலைக்குத் தேய்க்க ஆகும். மிச்ச வேரில் ஒரு பிடியைக் கட்டிப் பானையில் போட்டு, வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடுங்கள்.